ஐம்பத்தாறு மில்லி

"துப்பாக்கியில இருக்குற பழைய ஸ்கோப்புக்கு வயசாயிடுச்சு" என்று நோட்பூர்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வயதானது எது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஹின்டர்பாக் பள்ளத்தாக்கின் சம்பள வேட்டைக்காரி அவள். ஐம்பத்து மூன்று வயது, அதில் இருபத்தாறு வருஷம் இந்த மலையில். மலையாடுகளை எண்ணுவதும், நோய் கண்டதைச் சுட்டு இறக்குவதும் வேலை. குறி தவறாது என்பது அவளுடைய ஒரே சொத்து. அந்தச் சொத்துக்கும் பன்னிரண்டு நாள் முன்பு பங்கம் வந்துவிட்டது. சொறி பிடித்த கடா ஒன்று, அந்தி மங்கலில், நூறு மீட்டர் கூட இல்லை. தோட்டா பாறையில் பட்டது, கடா புதருக்குள் போய்விட்டது.

மறுநாளே துப்பாக்கிக்கடை கோர்பீனியனிடம் போய், இருப்பதிலேயே பெரிய முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பைக் கேட்டாள். எட்டு மடங்கு பெரிதாக்கும், ஐம்பத்தாறு மில்லி அகலம். கிழவர் விற்றாரா? அவளை இருட்டறையில் உட்காரவைத்துக் கண்மணியை அல்லவா அளந்தார்!

"அந்தக் கண்ணாடி ஏழு மில்லிக்கு வெளிச்சத்தக் கொண்டாந்து கொட்டும். உன் கண்ணு நாலரைக்கு மேல தொறக்கல, பூர்கி. மிச்சத்த என்ன பண்ணுவ, பையில போட்டுக்குவியா? எட்டு மடங்குக்கு முப்பத்தாறே உனக்குத் தாராளம்."

"நான் கண்ணு காட்டவா வந்தேன்? எடுத்து மாட்டுங்க."

"குழாய்ல இடிக்காம இருக்க ஒசரமா மாட்டணும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில படியாது."

"படியும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது.

இப்போது நவம்பர், மலையாடுகள் கூடும் மாதம். இரவில் பனி கொட்டும் என்று வானொலி சொல்லியிருந்தது. பனி விழுந்தால் அந்தக் கடா கீழே தெற்குச் சரிவுக்கு இறங்கிப் பெட்டைகளோடு கலக்கும். சொறி தொற்றி, மந்தையின் நாற்பது உருப்படியும் வசந்தத்துக்குள் தோல் உரிந்து சாகும். வேட்டைச் சங்கத் தலைவருக்கு அவள்மேல் நம்பிக்கை போய், அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து கீடி என்பவனைத் துணைக்கு அனுப்பிவிட்டார். முப்பத்து நான்கு வயது, கொக்குக் கழுத்து, நிற்காத வாய்.

பாறைக்குப் பின்னால் இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள்.

"என்னக்கா இது, துப்பாக்கி மேல பால் கேனை வச்சுக் கட்டியிருக்கீங்க?"

"உன்னோடது என்ன, பேனாவா?"

"முப்பத்தாறு மில்லி. மலை ஏற லேசா இருக்கும்ல."

முப்பத்தாறு என்ற எண் அவளைச் சுருக்கென்று குத்தியது. சூரியன் போய் அரைமணி ஆகியிருந்தது. குள்ளப் பைன் புதர் அசைந்தது, ஏதோ வெளியே வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

"ரெண்டு" என்றான் கீடி மெதுவாக. "எனக்கு ஒரே கருப்பா இருக்கு, ஒண்ணும் பிரிச்சுப் பாக்க முடியல. உங்களோடது பெருசு, நீங்களே அடிங்க. சீக்கிரம்."

அவள் கன்னத்தைக் கட்டையில் வைக்கப் பார்த்தாள். அது எட்டவில்லை. கழுத்தை நீட்டினால் படம் நழுவியது, இழுத்தால் ஓரம் இருண்டது. நடுவில் சாம்பல் நிறத்தில் இரண்டு கறைகள். எது கடா? வலப்பக்கம் இருப்பதுதான், பெரிதாக இருக்கிறதே. பாதுகாப்புப் பூட்டை விலக்கினாள். விரல் விசைக்குப் போய்விட்டது. சும்மா போனால் தலைவர் என்ன சொல்வார், கீடி ஊரில் என்ன சொல்வான் என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

"அக்கா, போயிடும்!"

பூட்டைத் திரும்பப் போட்டாள்.

"எனக்குத் தெரியல."

"வெளிச்சம் பத்தலையா?"

"இல்லடா. என் கண்ணுதான். கண்ணு தெரியல எனக்கு." துப்பாக்கியை அவன் பக்கம் தள்ளினாள். "நீ பாரு இதுல."

கொக்குக் கழுத்துக்கு அந்த உயரம் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அவன் மூச்சு நின்றதை அவள் கேட்டாள்.

"அடேயப்பா, பகல் மாதிரி இருக்கே! தோள்ல முடியே இல்ல, பாவம், சொறிஞ்சு சொறிஞ்சு… இடப்பக்கம்தான் கடா."

"வலப்பக்கம்?"

"தாய் ஆடு, அக்கா. காலுக்குள்ள குட்டி ஒண்டிக்கிட்டு நிக்குது."

அவள் அடிக்க இருந்தது அந்தத் தாயைத்தான். கீடி சுட்டான். இடப்பக்கக் கறை நின்ற இடத்திலேயே விழுந்தது.

மேலே போய்க் கடாவின் வாயில், அதன் கடைசிக் கவளமாக, ஒரு பைன் கொத்தை வைத்தார்கள். வழக்கப்படி இன்னொரு கொத்தைத் தொப்பியில் ஏந்தி, சுட்டவனுக்கு அவள் கொடுத்தாள். அவன் அதை இரண்டாக ஒடித்துப் பாதியை நீட்டினான்.

"மோப்பம் பிடிச்ச நாய்க்குத்தானடா பாதி குடுப்பாங்க!"

"நாய்கிட்ட துப்பாக்கி குடுத்தா அது சுடாம இருக்காதுக்கா. நீங்க சுடாம இருந்தீங்க." அவன் சிரிக்கவில்லை. "வாங்கிக்குங்க."

வாங்கித் தொப்பியில் செருகினாள். மேலே சரிவில் கற்கள் உருண்டன.

"தாயும் குட்டியும் போகுது" என்றான் கீடி, கையை நீட்டி.

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். இருட்டுத்தான் இருந்தது. போன வாரமாக இருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பாள்.

"எங்க போகுது, சொல்லு" என்றாள்.