பல் டாக்டர் சுவரில் போட்ட ஐந்து ஓட்டைகள்

எங்கள் தெருப் பல் டாக்டருக்குத் தன் ஞாபகசக்தி மேல் அபார நம்பிக்கை. கீழே கிளினிக், மேலே வீடு என்று அவர் கட்டிய கட்டடத்தில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்பார். கட்டும் காலத்தில் தினமும் மதியம் வெள்ளைக் கோட்டோடு வந்து கொத்தனார் வேலையைக் கெடுத்தவர் ஆயிற்றே.

அவர் மனைவியின் தம்பி கட்டட இன்ஜினியர். அஸ்திவாரம் தோண்டும் முன்பே முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டரில் கட்டிக் கொண்டுவந்து காட்டினான். திரையில் சுவரைத் தொட்டால் உள்ளே ஓடப்போகும் குழாயும் ஒயரும் தெரிந்தன.

"பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். சுருக்கமா பிம், மாமா."

"பிம்மா, பம்மாத்தா? வீடியோ கேம் மாதிரி இருக்கே மாப்ளே."

அந்த வீடியோ கேம்தான், கிளினிக் நாற்காலியின் கழிவுநீர்க் குழாய் நேரே ஒரு பீமில் போய் முட்டப்போவதைக் காட்டிக்கொடுத்தது. கான்கிரீட் போடும் முன்பே குழாயைத் தள்ளிப் போட்டார்கள். டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நடக்க நடக்க எங்கே எந்த வால்வு, எந்தக் கம்பெனிக் குழாய் என்று மச்சினன் அதிலேயே ஏற்றி, அக்காவின் லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போனான்.

நான்காம் வருடம், நோயாளிகள் காத்திருக்கும் அறைச் சுவரில் ஈரம் கசிந்தது. பிளம்பர் வந்தார். டாக்டர் சுவரில் காதை வைத்து, விரலால் தட்டிப் பார்த்து, "இங்க ஒடைங்க" என்றார். உள்ளே ஒன்றுமில்லை. "கொஞ்சம் எடது பக்கம்." அங்கும் இல்லை. ஐந்தாவது ஓட்டை விழுந்தபோது, பல்வலியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துகொண்டார்.

"எனக்கு வலி போயிடுச்சு டாக்டர்!"

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தார். ஓட்டைகளை நிதானமாக எண்ணினார்.

"ஏங்க, எக்ஸ்ரே எடுக்காம பல்லைப் பிடுங்குவீங்களா?"

"அதெப்படி? நல்ல பல்லு போயிடும்ல..."

சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்கு உறைத்துவிட்டது. பிளம்பர் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார்.

லேப்டாப் வந்தது. அந்தச் சுவரில் குழாயே கிடையாது. மாடிக் குளியலறைக் குழாய் பக்கத்துச் சுவர் வழியாக இறங்கி, மூலையில் திரும்பியது. அங்கே ஓர் இணைப்பு. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரே ஒரு வால்வை மூடினார்கள். வீட்டின் மற்ற குழாய்களில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆறாவது ஓட்டையில் இணைப்பு சொட்டச் சொட்ட அகப்பட்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் டாக்டர் குனிந்த தலை நிமிரவில்லை. மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்ததாம் அவருக்கு.

அடுத்த மாதம் கைகழுவும் தொட்டியை இடம் மாற்றும் பேச்சு வந்தது. பிளம்பர் வருவதற்கு முன்பே டாக்டர் மூக்குக்கண்ணாடியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் கட்டடம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத எப்படிம்மா நேராக்கறது?"

"நகருங்க" என்றார் மனைவி.