பழி சுமந்த உப்புக் காற்று

தூத்துக்குடியில் எந்த இயந்திரம் பழுதானாலும் முதல் குற்றவாளி உப்புக் காற்றுதான். பைக் கிளம்பாவிட்டால் உப்பு, லிஃப்ட் பாதியில் நின்றால் உப்பு. இதில் பாதி உண்மை என்பதால் மீதிப் பாதியை யாரும் விசாரிப்பதில்லை.

மில்லர்புரத்தில், ஏற்றுமதிச் சரக்குகளுக்குத் துறைமுகக் காகிதங்களை முடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று மதியம் எங்கள் சர்வர் ஹோவென்று இரைந்தபடி அப்படியே ஸ்தம்பித்துவிட்டது. எதிரே ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பல வருடம் இறால் கம்பெனியில் தரம் பிரித்துவிட்டு, இப்போது தன் பெயரிலேயே ஏற்றுமதி தொடங்கியவர். முதல் கண்டெய்னர். உறைந்த இறாலோடு லாரி துறைமுக வாசலில் நிற்க, கூடவே அவர் கணவரும் காத்திருந்தார். லாரியை உள்ளே விடும் கேட் பாஸ் மாலைக்குள் எங்கள் சர்வர் வழியாக வராவிட்டால் கப்பல் போய்விடும்.

"எல்லாம் உப்புக் காத்து பண்ணுத வேல," என்றார் அலுவலகத்தை நடத்தும் அண்ணாச்சி. சர்வரின் மூடியைக் கழற்றச் சொல்லி, பிரஷ்ஷால் தட்டி, டேபிள் ஃபேன் ஒன்றையும் அதன் முகத்துக்கு நேரே வைத்தார்.

எனக்குக் குற்றவாளி யாரென்று தெரியும். தகவல்களைப் பூட்டி அனுப்பும் குறியாக்க மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பதாக அந்த வாரம்தான் படித்திருந்தேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் காட்டும் டிஜிட்டல் சான்றிதழை அது கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். யாராவது வேண்டுமென்றே கோணலாக ஒன்றை அனுப்பினால் அந்தக் கணக்கு முடியவே முடியாது. பூட்டு உடையாது, எதுவும் திருடு போகாது. வாசல் காவலாளி ஒரே சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் நிற்கிறவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். இதைச் சரிசெய்யும் புதிய பதிப்பும் வந்திருந்தது. அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொல்லி, அதை ஏற்றிவிடலாம் என்றேன்.

"திருட்டு போவல்லல்லா, பெறவு எதுக்கு இப்ப போய் மாத்தணும்? கப்பல் நிக்கும்போது நான் தொட விடமாட்டேன்," என்றார் அண்ணாச்சி.

பேசிப் புரியவைக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு சர்வரை மறுபடி ஓடவிட்டேன். பூனைக்குட்டி மாதிரி அமைதியாக ஓடியது. கேபிளைச் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இரைச்சல்.

"கேபிளச் சொருகுனாத்தான் உப்பு உள்ள வருமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கையில் ஜெபமாலை. "ஏளா தங்கச்சி, இது சரியாவுமா?"

"ஆவும்க்கா," என்றேன். அவருடைய இத்தனை வருட உழைப்பு என் விசைப்பலகையில் வந்து நிற்கிறதே என்று பயமாகவே இருந்தது.

கேபிளை மறுபடி பிடுங்கிவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றி, திரும்பச் சொருகினேன். அந்தக் கோணல் சான்றிதழ் மறுபடி வந்தது. சர்வர் அதை மறுத்துத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனது. கேட் பாஸ் வந்ததும் அக்காவின் கணவருக்கு அனுப்பினேன். அவர் உடனே அக்காவை அழைத்தார். அக்கா பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"பாஸ் வந்துட்டு. உள்ள போவட்டுமா, மொதலாளி?"

அந்த வார்த்தையைப் பிறரைப் பார்த்துச் சொல்லித்தான் அக்காவுக்குப் பழக்கம். எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் கனமாக்கி, "ம், போங்க" என்றார்.