கயிற்றுக் குவியல் நடுவே பழனியாத்தாள்

ஆனைமலைப் பக்கத்து மாட்டுச் சந்தையில் கயிறு திரிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கயிறு விற்கிறவள் பழனியாத்தாள் ஒருத்திதான். அவளுக்குப் பக்கத்தில் மணியும் சலங்கையும் பரப்பி உட்கார்ந்திருந்தவன் நான். இது நடந்தது தொண்ணூற்றாறில், எங்கள் பக்கம் மழை ஏமாற்றிய கோடையில்.

வெயில் ஏறினால் அவள் தேங்காய் நார் வாசனையில் அப்படியே கண்மூடிவிடுவாள். பாதி வியாபாரம் தூக்கத்திலேதான். "ஏனுங்க, கன்னுக்குட்டிக்கு?" என்று யாராவது கேட்டால் கண் திறக்காமலே கை கன்றைக் கட்டும் தும்புக்கயிற்றுக்குப் போகும். கறக்கும்போது பின்னங்காலைக் கட்ட அணைகயிறு, காளைக்கு நூலில் முறுக்கிய மூக்கணாங்கயிறு, தண்ணீர் சேந்தத் தாம்புக்கயிறு, பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தூளிக்கயிறு. ஒருநாள் திடுக்கென்று விழித்து, "கெணத்துல உட்ட கயிறு மேகம் வரைக்கும் போயிருச்சுங்ணா. இழுக்க இழுக்க ஈரமா வருது" என்றாள். "அது தண்ணியா, உன்ற வேர்வையா அம்மணி?" என்றேன். முறைத்தாள்.

எங்கள் சந்தையில் ஒரு வழக்கம். மாட்டை விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். கயிற்றோடு கொடுத்தால் லட்சுமியும் கூடப் போய்விடுவாளாம். வாங்கினவர் புதுக்கயிறு போட்டால்தான் மாடு அவருடையது. அதனால் எந்த மாடு எங்கே போகிறது என்று பழனியாத்தாளுக்குத் தெரிந்துவிடும். வளர்க்கிறவர் கயிற்றைக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார், கழுத்தை உறுத்துமா என்று. அடிமாட்டுக்காரர் கைக்கு வந்ததை வாங்கிப் போவார். அவர்களுக்கும் இத்தனை வருஷமாக விற்றவள்தான் அவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தன் பசுவையே ஓட்டி வந்திருந்தாள். மடி வற்றிவிட்டது, கிணறு வற்றிவிட்டது, சோளத்தட்டும் தீர்ந்துவிட்டது. "வித்துப்போட்டு வா" என்று சொல்லிவிட்டுப் புருஷன் ராசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். வளர்க்கிற வீட்டுக்குத்தான் கொடுப்பேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒரு வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, தேன் ஒழுகும் பேச்சு. "எம்பட தோட்டத்துல பச்சைப்புல்லு முழங்கால் ஒசரமுங்க. பெத்த புள்ளையாட்டப் பாத்துக்கறனுங்க."

துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலையும் முடிந்தது. அந்தப் புல்லும் நிழலும் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கனவில் நடக்கிறவள் மாதிரி பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"எந்தக் கயிறு போடட்டுங்க?"

"எதையோ ஒண்ணப் போடுங்க. லாரியில ஏத்தற வரைக்கும் தாங்குனாப் போதும்."

அவள் கை நின்றது. பேசி முடித்த விலையிலிருந்து பின்வாங்கினால் அப்புறம் சந்தையில் மரியாதை கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

"கயிறு இல்லீங்க" என்றாள், குவியலின் நடுவே நின்றுகொண்டு.

கூட்டம் சிரித்தது. வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்னம்மா, மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது?"

"இதெல்லாம் ஊட்டுக்குப் போற மாட்டுக்குங்க."

சிரிப்பு அடங்கியது. அவள் பழைய கயிற்றையே திரும்பக் கட்டினாள். தீவனத்துக்கு எங்கே போவாள், ராசப்பனிடம் என்ன சொல்வாள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. என்னிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பசுவோடு நடந்தாள்.

சாயங்காலம் அதே வியாபாரி மற்ற மாடுகளுக்குக் கயிறு கேட்டு வந்தார். நானும் இல்லை என்றேன்.