டலா படகின் வெளுத்த கண்ணாடிகள்

2009 டிசம்பரில் நான் யாங்கோன் போனது பகோடா பார்க்க அல்ல, ஒரு படகுக்காக. அதுவும் ஒன்றரை முழப் படகு. நூர்ஜான் என்ற யாங்கோன் தமிழ்ப் பெண், ஆற்றைக் கடந்து டலாவுக்குப் போகும் இரண்டடுக்குப் பயணிகள் படகை நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தார். நான் பெரம்பூரில் மாதிரி ரயில் பெட்டி செய்கிறவன். இணையத்தில் ஒரு மாடல் குழுவில் பழக்கம். அங்கிருக்கும் இணைய வேகத்தில் ஒரு படம் ஏற்றவே அவருக்குப் பாதி மாலை போய்விடும். ஆனாலும் வாரம் தவறாமல் ஏற்றுவார். திடீரென்று ஒருநாள், "இதோட நிறுத்திக்கிறேன்" என்று ஒரே வரி. அப்புறம் சத்தமே இல்லை. எனக்கு என் ரயில் பெட்டியில் கையே ஓடவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து பாங்காக் வழியாகப் போனேன். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் டாக்ஸிக்கு ஏழு டாலர். மீட்டர் கிடையாது, ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். டாலர் சலவை நோட்டாக இருக்கவேண்டும். என் நோட்டில் இருந்த ஒரு மடிப்பைப் பார்த்து ஓட்டுநர் முகம் சுளித்ததை இன்னும் மறக்கவில்லை. ஊர் நடுவிலிருந்து, நூர்ஜானின் மாடல் நண்பர்கள் கூடும் தாமுவே பகுதிக்கு இரண்டாயிரம் கியாட் (அந்த ஊர்க் காசு) ஆனது.

தாமுவே சந்தைக்குப் பின்னால் கோ செல்வத்தின் சைக்கிள் உதிரிபாகக் கடை. ('கோ' என்றால் அங்கே அண்ணன் மாதிரி, பெண்களுக்கு 'மா'.) சனிக்கிழமை மாலைகளில் கடை மாடியில், நூர்ஜானையும் சேர்த்து, மாடல் செய்கிற நான்கு பேர் கூடுகிறார்கள். மாடல் கிட் எதுவும் அந்த ஊரில் கிடைக்காது. மாத்திரை அட்டை, ஐஸ் குச்சி, குடைக்கம்பி, இவைதான் மூலப்பொருள். மேசை நடுவில் அந்தப் படகு இருந்தது. "யாருக்காவது குடுத்துருங்க" என்று நூர்ஜான் செல்வத்திடம் விட்டுப் போயிருக்கிறார். அன்று என்னைப் பார்ப்பதற்காக மட்டும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். நூர்ஜானைத் தவிர எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்த மேசையில் வெறுமனே 'நல்லா இருக்கு' என்று சொல்கிறவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டுமாம். எந்த இடம், எந்த இணைப்பு நன்றாக இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லவேண்டும். கோப்பை 250 கியாட், ஐந்து கோப்பை. இந்தச் சட்டத்தை எங்கள் இணையக் குழுவில் கொண்டுவந்தால் பாதிப் பேர் ஓட்டாண்டி ஆகிவிடுவோம்.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு, நூர்ஜான் படகோட்டி நிற்கும் அறையை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டியிருக்கிறார். காற்றோட்டம் இல்லையென்றால் அந்தப் பசையின் ஆவி பிளாஸ்டிக் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். காலையில் பார்த்தால் எல்லாக் கண்ணாடியும் பால்.

"பாலிஷ் கொண்டுவந்திருக்கேன், தேய்ச்சுப் பார்க்கலாமே" என்றேன்.

"உள்பக்கம்ல படிஞ்சிருக்கு அண்ணே, கை போவாது. பிரிச்சா ரூமே ஒடஞ்சுரும்" என்றார் நூர்ஜான். "லைங் தாயாவுல தையல் ஃபேக்டரி விட்டு வந்து, தூக்கத்த விட்டு செஞ்சது. இப்ப கண்ணு அவிஞ்ச கப்பலா நிக்கிது."

செல்வம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "மா நூரு, நெசக் கப்பல்ல இந்தக் கண்ணாடி எப்பிடி இருக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை! அத்தனை பேரும் எத்தனையோ முறை போய்வந்த படகு. துறையில் படமெடுக்க விடமாட்டார்கள் என்பதால், ஒரு காலண்டர் படத்தையும் ஞாபகத்தையும் வைத்துத்தான் நூர்ஜான் செய்திருந்தார். ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டார்கள். "நாளைக்கி ஞாயித்துக்கெழம. நேர்லயே பாத்துட்டு வந்துருவோம்" என்று செல்வம் முடித்துவைத்தார்.

மறுநாள் காலை பன்சோடான் துறை. வெளிநாட்டவருக்கு ஒரு டாலர், பாஸ்போர்ட் காட்டவேண்டும். அக்கரைக்குப் பத்தே நிமிடம். மேல்தளத்துக்கு ஏறி நேராகப் படகோட்டி அறை முன்னால் நின்றோம். ஆற்றுத் தெறிப்பும் தூசியும் வெயிலும் சேர்ந்து கண்ணாடிகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. ஓட்டுபவர் லுங்கி நுனியால் துடைத்த இடம் மட்டும், முன்கண்ணாடியில் ஒரு உள்ளங்கை வீச்சுக்குப் பளிச்சென்றிருந்தது.

"அண்ணே, என்னுது மாரியே இருக்கு" என்றார் நூர்ஜான்.

"அந்த ஒரு எடம் மட்டும் போதும். வாசல் வழியா குச்சிய விட்டு, பஞ்சுல சமையல் எண்ணெ தொட்டு ஒரு இழுப்பு. தெளிஞ்சுரும்" என்றார் செல்வம். காசைக் கொட்டி நான் வாங்கிவந்த பாலிஷ் பையிலேயே தூங்கியது.

காரியம் முடிந்ததென்று நான் ஆற்றைப் பார்க்கத் திரும்பினேன். பார்த்தால் நூர்ஜான் கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, கைப்பிடிக் கம்பிகளை அளந்துகொண்டிருக்கிறார். "கோ செல்வம், ஓடியாங்க! நான் நாலு கம்பி வச்சிருக்கேன், இங்க மூணுதான் இருக்கு. ஒசரமும் தப்பு!" திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்ததுபோல் அப்படி ஒரு சந்தோஷம். படகுக்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். அளவெடுப்பதற்காக மேலும் இரண்டு முறை போய்வந்தோம்.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். துறையில் கேமராவை எடுக்கவேண்டாம். மாடல் செய்கிறவரோடு சுற்றிப் பாருங்கள், ஊர் வேறு மாதிரித் தெரியும். பசை எடுத்தால் சன்னலைத் திறந்துவையுங்கள். நண்பர் யாராவது பாதியில் நின்றுபோயிருந்தால், முடிந்தால் நேரில் போங்கள். நான் அங்கே ஒன்றும் கிழித்துவிடவில்லை, டீதான் வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் போனதில் எனக்கு அவ்வளவு நிறைவு.

ஜனவரியில் குழுவில் ஒரு படம் வந்தது. மேல்தளக் கம்பி அத்தனையும் பிய்த்தெறியப்பட்டு, பல்லுப் போன மாதிரி நிற்கிறது படகு. அந்த நாசத்தைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். கீழே எழுதியிருந்தார்: "முடிய இன்னும் ஆறு மாசம் ஆவும் அண்ணே."