குடிக்காத மனிதரின் தள்ளாட்டம்

“நான் குடிச்சிட்டனா பாப்பா?”

சித்தப்பா இதைத் தனக்கே பதில் தெரியாமல்தான் என்னிடம் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் அப்பாவின் தம்பி, கொத்தனார். திண்டிவனத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. ஒரு காலத்தில் கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போய்விட்டு, சுவரைப் பிடித்தபடி வீடு திரும்பியவர்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருஷம், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் குடியை விட்டார். பிறகு தொட்டதே இல்லை. சித்தி நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியதே அதன் பிறகுதான் என்பாள் அம்மா.

சர்க்கரை நோய் அவருக்கு வெகுநாளாக இருந்தது. மாத்திரை போதவில்லை என்று அப்போதுதான் இன்சுலினுக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடிப்பார். அன்று அங்கே ஒரு வீட்டுக்குத் தளம் போடும் வேலை. காங்கிரீட் கொட்டத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. மதியச் சாப்பாடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மேலே நின்றிருந்த சித்தப்பா தள்ளாடினார். கீழே இறங்கச் சொன்ன மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டினார். பழைய சித்தப்பாவைத் தெரிந்த மேஸ்திரிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

தெருமுனையில் இறங்கி வந்தவரைத் தெருவே பார்த்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கால் பின்னியது, நாக்கு குழறியது. சித்தி நீட்டிய தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். போதை தெளியட்டும் என்று அம்மா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். எலுமிச்சைச் சாற்றில் தெளிந்தால் அது போதையாகத்தானே இருக்க முடியும்? அவரைக் காப்பாற்றிய சர்க்கரையே அவருக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது. அவருக்கோ தளத்தில் வெயில் ஏறியது வரைக்கும்தான் நினைவு இருந்தது.

அவர் தெளிந்து எழுந்தபோது சித்தி வீட்டில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு ஓமந்தூரிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். 

அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள். ஒருமுறை சோறு வடித்தால் இரண்டு நாளுக்கு ஓட்டுவார். சில வேளை அதுவும் இல்லை. ஊசியை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார், அது டாக்டர் சொன்னது என்பதால். வாசல் கதவைச் சாத்துவதே இல்லை. சித்தி திரும்பி வந்தால் கதவைத் தட்டி நிற்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழம்பு கொடுக்கப் போனேன். தரையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்தவர் போல வியர்த்திருந்தது. “யாரு நீ?” என்றார். தூக்கி நிறுத்தும்போது என் தோளில் சாய்ந்தார். கொஞ்சமும் சாராய வாடை இல்லை. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, “சுகர் ரொம்ப இறங்கிடுச்சும்மா. ஊசி போட்டுக்கினு சாப்பிடாம இருந்தா இப்படித்தான் ஆவும். பாக்கறவங்க குடிச்சிருக்காருன்னு நினைப்பாங்க,” என்றார். குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதும் சித்தப்பாவின் கண்ணில் ஆள் திரும்பி வந்தது. “அன்னிக்கும் இதான் பாப்பா,” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

மறுநாள் ஓமந்தூருக்குப் போனேன். சித்தி மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“குடிச்ச காலத்துல காய்ச்சல்னு சொன்னாரு, நம்புனேன். பித்தம்னு சொன்னாரு, நம்புனேன். இப்ப சுகருன்னு நீ வந்து சொல்ற. பொய்யின்னு சொல்லல. நம்பறதுக்கு எனக்குத்தான் தெம்பு இல்ல.”

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். “வேளைக்குத் துன்றாரா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த வாரமே பையோடு திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.

மேஸ்திரியும் விஷயம் தெரிந்து மறுபடி கூப்பிட்டார். இப்போது சித்தப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. சாரத்தில் ஏறுவதில்லை, கீழே பூச்சு வேலைதான். மற்றவர்கள் வேலை முடித்துச் சாப்பிட வருவதற்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறார். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார். பந்தி பிந்தினால் கை நடுங்கும், நடுங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயம்.

வேலைக்காகச் செங்கல்பட்டுக்குக் குடிபோய்விட்ட நான் போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, சித்தி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சித்தப்பா வந்தார். கை கால் கூடக் கழுவவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், சித்தியின் முகத்துக்கு அருகே குனிந்து, வாயைத் திறந்து மெல்ல மூச்சை விட்டார். சித்தி குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள். அவர் குளிக்கப் போனார்.

இரவு கிளம்பும்போது, “சித்தி ஊதிக் காட்டச் சொல்லிக் கேக்கறாங்களா?” என்று அவரிடம் தனியாகக் கேட்டேன்.

“ஒரு நாளும் கேட்டதில்ல பாப்பா,” என்றார். “ஆனா நான் கொஞ்சம் தடுமாறினா, சர்க்கரையை எடுக்கறதுக்கு முன்னாடி கிட்ட வந்து மோந்து பாக்கறா. பாத்துட்டுத்தான் வாயில போடறா. அவளா வந்து பாக்கறதுக்கு முன்ன நானே காட்டிட்டா, மனசுக்குக் கொஞ்சம் தேவலாம்.”