இறங்கி வராத காலடி

எங்கள் ஸ்டூடியோவில் அவரைச் செருப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். படத்தில் வருகிறவர்களின் காலடிச் சத்தத்தைத் திரையைப் பார்த்துப் பார்த்து, தானே நடந்து உண்டாக்கித் தருவது அவர் வேலை. அதைப் பதிவு செய்து படத்தோடு கலப்பது என் வேலை. பை பையாகச் செருப்பும் ஷூவும் சுமந்துகொண்டுதான் வருவார். "செருப்பால சம்பாதிச்சு வீட்டு வாடகை கட்டுற ஒரே ஆள் நான்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். கதாநாயகன் மிடுக்காக நடந்து வரும்போது தியேட்டரில் விசில் பறக்கும். அது மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்த ஒரு அக்காவின் நடை என்று தெரிந்தால் விசிலடித்தவர்கள் முகம் எப்படிப் போகும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

குடும்பத்தோடு பார்க்கிற மாயாஜாலப் படம் என்றால் முதல் போன் அக்காவுக்குத்தான். அந்தப் படங்களில் தனியாக இருக்கும் ஒரு குழந்தை வரும், அதன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு சிநேகிதம் வரும், பெரியவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆளை நாம் நம்ப வேண்டுமென்றால் காதுக்காவது தெரிய வேண்டுமே. அதற்கென்றே அக்கா ஒரு பழைய ஜோடி வைத்திருந்தார். சின்னப் பிள்ளையின் ஷூ. ஒன்று சாதாரணமாக இருக்கும். மற்றதன் அடிப்பாகம் தடிமனாக, பக்கத்தில் இரும்புப் பட்டையோடு இருக்கும். காலில் நுழையாது என்பதால் கைகளில் மாட்டிக்கொண்டு, மண்டி போட்டு நடத்துவார். ஒரு அடி மெத்தென்று விழும். அடுத்தது தயங்கி, தரையில் இழுபட்டு, கனமாக வந்து சேரும். பூதமோ தேவதையோ, எல்லாவற்றுக்கும் அதே நடைதான். பேய்க்கதைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஹெட்போனில் அதைக் கேட்கும்போதெல்லாம் பின்கழுத்து சில்லிடும்.

ஒரு விஷயம் வெகு காலம் கழித்துத்தான் என் மண்டையில் உறைத்தது. அந்த நடை எல்லாப் படத்திலும் வரும், எதிலும் போகாது. விடைபெறும் காட்சி வந்தால் அக்கா காற்று, இறகு, மணியோசை என்று எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடுவார். டைரக்டர்களும் கவிதை மாதிரி இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

போன வருஷம் வந்த டைரக்டர் பெண் தலையாட்டுகிற ரகம் இல்லை. அவள் படத்தின் கடைசிக் காட்சியில் கண்ணுக்குத் தெரியாத தோழி மாடிப்படி இறங்கிப் போய்விடுவாள், சிறுமி மேலேயே நின்று அழுவாள். வந்த அதே நடையில்தான் போக வேண்டும் என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள். அக்கா முடியாது என்றார். அப்படியானால் முன்பு படியேறிய சத்தத்தையே எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று டைரக்டர் என்னிடம் சொன்னாள். அக்கா எழுந்துவிட்டார்.

"அதைச் செய்யாதீங்க. யாரோ அவளைப் பின்னால இழுத்துட்டுப் போற மாதிரி கேக்கும். ஒரு தடவ தூக்கிட்டுப் போனது போதும்."

யாரை என்று நாங்கள் கேட்பதற்குள் அவரே தரையில் உட்கார்ந்து சொன்னார்.

அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது, முதல் மாடியிலிருந்த அவர் வீட்டுக்கு மேலே, இரண்டாம் மாடி வீட்டில் ஒரு தோழி இருந்தாள். பிறவியிலேயே ஒரு கால் சூம்பிப் போனவள். விடுமுறையில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து மாயாஜாலப் படத்துக்குப் போவார்கள். படம் முடிந்த இடத்திலிருந்து கதையை வளர்ப்பது இந்த இரண்டு வாண்டுகளின் வேலை. இரண்டு மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடம்தான் ராஜ்யம். தோழிதான் எப்போதும் ராணி. ராணி வருகிறாள் என்பது தரைக்குத் தெரிய வேண்டாமா, அதற்குத்தான் எனக்கு இந்த ஷூ என்பாளாம். கீழே விளையாடப் போகும்போது இவர் வீட்டுக் கதவைக் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவாள். இவர் "வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் அசதியாக இருக்கிறது என்று தோழி சீக்கிரமே மேலே போய்விட்டாள். அவள் படியேறியதும், கூடத்தைத் தாண்டியதும், கட்டில் வரை போனதும் கீழே இவருக்கு அடி அடியாகக் கேட்டது. பிறகு காய்ச்சல் கொதித்திருக்கிறது. இவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அவளைப் போர்வையில் சுற்றி, அவள் அப்பா தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. ஷூ கட்டிலடியிலேயே கிடந்தது. வீட்டைக் காலி செய்தபோது அவள் அம்மா அதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏறின சத்தத்தை நான் கேட்டேன் தம்பி. இறங்கின சத்தத்தைக் கேக்கவே இல்ல. கேக்காத வரைக்கும் அவ மேலதானே இருக்கா?"

அக்கா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். வந்த வரன்களையெல்லாம் வீடு மாற வேண்டியிருக்குமே என்று தட்டிக் கழித்தாராம். மாடிக்கு யார் யாரோ குடி வந்தார்கள், போனார்கள். சாயங்காலமானால் கூடத்திலிருந்து கட்டில் வரை அந்த நடை மட்டும் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் நம்ப வேண்டாம் என்றும், கேட்கிறது என்று மட்டும்தான் தான் சொல்வதாகவும் சொன்னார்.

டைரக்டர் பெண்ணின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. காட்சியையே எடுத்துவிடுகிறேன் என்றாள். அதற்குள் அக்கா தன் மடியில் இருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் அவளை மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறேனே, கால் வலிக்காதா அவளுக்கு என்றார். இறங்குவதென்றால் அவளே நடந்து இறங்கட்டும், ஆனால் ஸ்டூடியோவின் மரப்பெட்டிப் படியில் வேண்டாம் என்றார். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதுக்கப்புறம் மேல சத்தமே வரலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவருடைய செருப்புப் பைகளை வாங்கிக்கொண்டு வாசல் வரை கூடவே போனேன்.

எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவர் குடியிருப்புக்குப் போனோம். மாடி வீட்டு அம்மாவிடம் கெஞ்சி மிக்ஸியை நிறுத்த வைத்தோம். சினிமாவில் என் படிக்கட்டு வருமா என்று அவர் கேட்க, சத்தம் மட்டும் வரும் என்றேன். முகம் தொங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கீழ்த்தளத்தில் மைக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மேல்படியில் உட்கார்ந்தார். கைகளில் ஷூ, கால்கள் வெறுமை. உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து, இரண்டு கைகளாலும் அவளைப் படி படியாக இறக்கினார். மெத்தென்று ஒன்று, இழுத்துக்கொண்டு ஒன்று. ராஜ்யம் இருந்த திருப்பத்தில் கொஞ்சம் நின்றது. மறுபடி இறங்கியது. அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டது.

கதவில் குதிகால் இரண்டு முறை தட்டியது.

பிறகு எதுவும் இல்லை. அக்காவால் இதற்கு மேல் முடியாது என்று நினைத்து மெஷினை நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். அப்போது ஹெட்போனில் கேட்டது.

"வந்துட்டேன்."

அக்காவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலுக்கு அக்காவின் வயசு இல்லை. அதன் பின் இறங்கியது இரண்டு நடை. ஷூ ஒன்று வைக்க, பக்கத்திலேயே வெறுங்கால் ஒன்று வைத்தது. கடைசிப் படி வரைக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தன. அக்கா கீழே வந்தும் கைகளிலிருந்து ஷூவைக் கழற்றவில்லை. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்ததையும் ஷூவின் முதுகாலேயே துடைத்துக்கொண்டார்.

அந்த ஒரு சொல்லை நான் நீக்கிவிட்டேன். வெறுங்காலை நீக்க முடியவில்லை, இரண்டும் அப்படிப் பின்னிக் கிடந்தன. டைரக்டர் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்றாள்.

சில நாள் கழித்து அக்கா போன் செய்தார். "மேல சத்தமே இல்ல தம்பி" என்றார். அழுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தத்தை வைத்துப் பிழைக்கிற எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. ஷூவை என்ன செய்தார் என்று கேட்கவும் மனசு வரவில்லை.

படம் வந்ததும் என் மகளையும் அக்காவையும் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. திரையில் சிறுமி மேலே நின்று அழ, காலடிகள் இறங்கத் தொடங்கின. சுற்றிலும் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். என் மகள் மட்டும் அழாமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைச் சுரண்டினாள்.

"அப்பா, அந்தப் பொண்ணு மேலயே நிக்குது. அப்ப கூட இறங்கிப் போறது யாரு?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் கண்ணு" என்றார்.

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குனிந்து, இருட்டில் அவர் கால்களைத் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொருத்திக்கு இடம் விடுவதுபோலத் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.