முப்பத்தெட்டுப் பெயர்

என் மகள் கிருபாராணியின் புருஷன் சுந்தர்சிங், அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துச் சுகர் லேண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதோடு நின்றிருந்தால் எனக்கு இந்தத் தலைவலி இல்லை. மனுஷனுக்கு ஃபுட்பால் பைத்தியம். நம் ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஒருவன் மேல் ஒருவன் விழுந்து நசுக்குகிற ஆட்டம். டெக்சாஸ்காரனுக்கு அதுதான் உயிர். திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் பிறந்தவருக்கு எதற்கு?

ஆறு வருஷம் பெரிய கோச்சுக்குக் கீழே மூட்டை தூக்கினார், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். இந்தியாக்காரனுக்கு என்ன தெரியும் என்று முகத்துக்கு நேரே சிரித்தார்கள். எண்பத்தாறில்தான் ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் டீமை அவர் கையில் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே பெரிய கோச் சொல்லிவிட்டார்: எட்டு ஆட்டத்தில் ஒன்றாவது ஜெயிக்கவேண்டும், இல்லாவிட்டால் டீம் வேறு ஆளுக்கு.

ஏழு ஆட்டம் முடிந்தது. ஏழும் தோல்வி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் தோற்றுவிட்டு வந்து சாப்பிட உட்காருவார்.

"கர்த்தர் நடத்துவாரு அத்தை."

"நடத்துவாரு மாப்பிள்ளை, நேரா வாசலுக்கு வெளிய நடத்துவாரு."

"அம்மா, சும்மா இரேன்" என்பாள் மகள்.

"நான் சும்மாதான் இருக்கேன் ஏட்டி. ஒன் புருஷன் டீமும் சும்மாதான் நிக்கி."

நவம்பரில் எட்டாவது ஆட்டத்துக்கு நானும் போனேன். பாதி ஆட்டம் முடிந்தபோது நம் பிள்ளைகள் ஆறு புள்ளி, எதிரணி பூஜ்யம். என் கண்ணையே நான் நம்பவில்லை. இன்னும் பாதி தாக்குப்பிடித்தால் டீம் அவருக்கு.

பையன்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். காபி ஃபிளாஸ்கோடு நான் கதவருகே நின்றேன். அங்கே எல்லாக் கோச்சும் ஜெபிக்கிறவர்கள்தான். முழங்கால் போடுவார்கள், அரை நிமிஷம், ஆமென், ஓடுவார்கள். நம்மவருடையது நாசரேத்து ஜெபம். எங்கள் சபையில் ஒருவர் ஜெபிக்க எழுந்தால் நாட்டை ஆளுகிறவரில் தொடங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் வரை ஒருவரையும் விடமாட்டார். பசித்த பிள்ளைகள் பெஞ்சிலேயே தூங்கிவிடும்.

டீமில் முப்பத்தெட்டுப் பையன்கள். இவர் ஒவ்வொருவனாகப் பெயர் சொல்லி ஆரம்பித்தார். இவன் முழங்கால் வலி, அவன் கணக்கு மார்க்கு, இன்னொருவன் அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை போனது. அந்த வருஷம் ஹூஸ்டன் பக்கம் பாதி வீட்டில் அதே கதை. பத்தொன்பதாவது பெயரில் வெளியே விசில் கேட்டது. நான் கதவைத் தட்டினேன்.

"மாப்பிள்ளை! கூப்பிடுறாங்க! ஆமென் போடுங்க!"

கண்ணைத் திறக்கவில்லை. இருபதாவது பெயருக்குப் போனார். முப்பத்தெட்டையும் முடித்துத்தான் எழுந்தார்.

நேரத்துக்கு வராததற்குத் தண்டனை. பதினைந்து கெஜம் பின்னால் தள்ளி நின்று பந்தை உதைக்கச் சொன்னார்கள். உதைத்தது பாதியிலேயே விழுந்தது. எதிரணிக்காரன் ஒருவன் அள்ளிக்கொண்டு கோடுவரை ஓடி ஆறு புள்ளி எடுத்துவிட்டான். கூட ஒரு புள்ளியும் எடுத்தார்கள். ஏழுக்கு ஆறு. அப்படியே முடிந்தது.

பெரிய கோச் கெட்டவர் இல்லை, அவரும் சபைக்குப் போகிறவர். மறுநாள் கூப்பிட்டு, "டீமை வைத்துக்கொள், இனிமேல் ஜெபம் அரை நிமிஷம், அவ்வளவுதான்" என்றாராம். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "யார் பெயரை விட்டுவிடட்டும், சொல்லுங்கள்" என்றாராம். டீம் போய்விட்டது.

அன்றைக்கு நான் விடவில்லை.

"எல்லாப் பிள்ளைகளையும் ஆசீர்வதியும்னு ஒரே வார்த்தையில சொன்னா ஆண்டவருக்கு வெளங்காதா? அவருக்கென்ன காது மந்தமா?"

"அவருக்கு வெளங்கும் அத்தை. ஆட எறங்காம பெஞ்சிலேயே உக்காந்திருக்கவனுக்கு வெளங்காது. அவன் பேர வேற யாரு சொல்லுவா?"

"ஜெயிச்சிருந்தா அடுத்த வருஷமும் நீங்களே சொல்லியிருக்கலாம்லா!"

தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறு ஆகஸ்டில், அந்த வேகாத வெயிலில், இருபத்துநாலு வயசுப் புதுக் கோச்சுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் வேலைக்குப் போய் நின்றார். இவருக்கு நாற்பத்தொன்று. சாயங்காலம் முகமெல்லாம் கருத்து வந்தார்.

"வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?" என்றேன்.

"இல்ல அத்தை."

"அந்தப் பய ஒங்கள ஜெபிக்க விடுதானா?"

"அவன் அரை நிமிஷத்துல முடிச்சிருதான். நான் தண்ணி குடுக்கும்போது ஒவ்வொருத்தனுக்கா மனசுக்குள்ள பேரு சொல்லி ஜெபிச்சிருதேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"தொறந்துகிட்டுதான்."

"இந்தப் புத்தி போன நவம்பர்ல எங்கய்யா போச்சு?" என்று கேட்டுவிட்டு நான் அடுக்களைக்குப் போனேன். கேட்டிருக்கவேண்டாமோ என்று அடுக்களையிலும் நிற்கப் பிடிக்கவில்லை.